“என்ன? சத்தமாகச் சொல்லு!”

கேள்வி: நான் குமாரபாளையத்தில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பாவும் அம்மாவும் தறி ஓட்டுகிறார்கள். எட்டுக் குடும்பங்கள் இருக்கும் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கூச்சம் அதிகம். வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போது நான் வாய் திறப்பதற்குள் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்கள். இதுவரை மூன்று முறை, வகுப்பில் உட்கார்ந்திருந்தும் ‘வரவில்லை’ என்று பதிவாகியிருக்கிறது.

போன வருடம் பக்கத்து வீட்டுக்கு ஓர் ஆயா தனியாகக் குடிவந்தார். அறுபத்து மூன்று வயது. முப்பது வருடத்துக்கு மேல் விசைத்தறி ஓட்டியவர். இரவு பதினொரு மணி வரை டிவி அலறும். அவர் வாசற்படியில் உட்கார்ந்து போன் பேசினால் லைன் முழுக்கக் கேட்கும். அவரைக் கண்டாலே எரிச்சலாக இருந்தது. ஒருநாள் சிலிண்டர் பதிவு செய்த குறுஞ்செய்தியைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். “என்ன? சத்தமாகச் சொல்லு” என்றார். மறுபடி படித்தேன். நான்காவது முறை நான் கத்திக்கொண்டிருந்தேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறேன். பாவு நூல் பிணைக்கும் கதை, தறியில் குறுக்கே ஓடும் நாடா தெறித்து விழுந்த கதை எல்லாம் சொல்வார். என்னைப் பற்றியும் கேட்பார். யாரிடமும் சொல்லாததை எல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது வகுப்பில் கேலி செய்கிறார்கள்: ‘பேசாதவளும் கேட்காதவளும் நல்ல ஜோடி.’ அம்மாவும், “உன் வயதுப் பிள்ளைகளோடு சேராமல் கிழவியோடு என்ன பேச்சு?” என்கிறார். அடுத்த மாதம் தேர்வு. டிவி சத்தத்தில் படிக்க முடியவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லப்போகிறேன் என்று அப்பா நிற்கிறார். ஆயாவிடம் நானே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த மாதக் கடைசியில் கூலி முறைகள் பற்றி வகுப்பில் பத்து நிமிடம் பேச வேண்டும். அன்று விடுப்பு எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். ஆயாவோடு எனக்கு இருப்பது நட்பா, பரிதாபமா? நான் அவரிடம் ஒளிந்துகொள்கிறேனா?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் பென்சிலால் கோடு போட்டுவைத்த வரி, “நான்காவது முறை நான் கத்திக்கொண்டிருந்தேன்” என்பது. நீங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அந்த வரியிலிருந்தே பதில் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

கூச்சம் உள்ளவர்களோடு பல வருடங்கள் உட்கார்ந்து பேசியவள் நான். அவர்கள் அதிகம் அஞ்சும் சொற்களில் ஒன்று ‘என்ன?’. தைரியத்தைத் திரட்டி ஒரு வாக்கியம் சொல்வார்கள். எதிரில் இருப்பவருக்குச் சரியாகக் கேட்காது, ‘என்ன?’ என்பார். அவ்வளவுதான், உள்ளே கதவு சாத்திக்கொள்ளும். ‘தப்பாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது’, ‘அசட்டுத்தனமாக இருந்திருக்கும்’ என்று மனம் தீர்ப்பு எழுதிவிடும். “ஒன்றுமில்லை” என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கேட்டவர் கேட்டது ஒலியைப் பற்றி. இவர்கள் காதில் விழுந்தது தங்கள் தகுதியைப் பற்றி. உங்கள் வருகைப்பதிவுக் கதையும் இதே கதைதான்.

ஆயா ‘என்ன?’ என்றபோது அப்படி நினைக்க உங்களுக்கு வழியே இல்லாமல் போயிற்று. அவருக்குக் காது மந்தம் என்பது கண்ணெதிரே தெரிந்தது. அதனால் இரண்டாம் முறை சொன்னீர்கள், மூன்றாம் முறை சொன்னீர்கள், நான்காம் முறை கத்தினீர்கள். ஒன்றும் ஆகவில்லை. சிலிண்டர் எப்போது வரும் என்று ஒரு பெரியவருக்குத் தெரிந்தது, அவ்வளவே. ஆலோசகர் எத்தனை அமர்வுகளில் சொல்லிக் கொடுத்தாலும் இவ்வளவு சுத்தமாக மனதில் இறங்காது. ‘என்ன?’ என்று ஒருவர் கேட்டால் அவர் இன்னும் உங்கள் பக்கம் திரும்பித்தான் இருக்கிறார். நீங்கள் சொன்னது வேண்டாம் என்றால் அவர் ஏன் மறுபடி கேட்கப்போகிறார்?

இனி ஆயாவைப் பற்றிக் கொஞ்சம். அவர் சத்தக்காரர் என்று லைனில் எல்லாரும் சொல்வார்கள். தறிக்குடோனுக்குள் ஒருமுறை போய் வந்தவர்களுக்கு அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். உங்கள் அப்பா அம்மாவிடம் கேளுங்கள். பழைய நாடாத் தறிகள் வரிசையாக ஓடும் இடத்தில் ஒலி 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். எட்டு மணி நேர வேலைக்கு நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் உச்சவரம்பே 90 டெசிபல்தான். அந்த இரைச்சலில் பக்கத்துத் தறிக்காரியிடம் ஒரு சொல் சொல்ல வேண்டுமானால் கத்த வேண்டும், அல்லது கையை ஆட்டி உதட்டைக் காட்ட வேண்டும். முப்பது வருடம் அப்படிப் பேசிய தொண்டை வீட்டுக்கு வந்ததும் மெதுவாகிவிடுமா?

இரைச்சலால் கெடும் காதுக்கு ஒரு குணம் உண்டு. எல்லா ஒலியையும் ஒரே மாதிரி இழப்பதில்லை. முதலில் போவது உயர்ந்த சுருதிகள், பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. தமிழில் ஆ, ஊ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் இருப்பதால் அவை தப்பித்துவிடும். ச, த, க, ப போன்றவற்றின் கூர்மைதான் மழுங்கிப்போகும். ‘காசு’, ‘காது’, ‘காடு’ மூன்றும் ஒரே சொல்லாகக் கேட்கும். பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. அதனால்தான் டிவியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறார். கூட்டினாலும் இரைச்சல்தான் கூடுகிறது, சொல் தெளிவதில்லை. காதுக்குள் இருக்கும் நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. உங்களைப் போன்ற மெல்லிய குரல் கொண்ட இளம்பெண்கள் பேசுவதுதான் இப்படிப்பட்டவர்களுக்குப் பிடிபட மிகவும் கடினம். ஆகவே அவர் உங்களிடம் நான்கு முறை கேட்டது அலட்சியத்தால் இல்லை.

இதை எனக்குப் புத்தகம் கற்றுத்தருவதற்கு முன்பே என் பெரியம்மா கற்றுத்தந்திருக்க வேண்டும். நான்தான் கவனிக்கவில்லை. கடைசி ஐந்தாறு வருடங்களில் அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கூட்டமாக உட்கார்ந்தால் புன்னகையோடு எல்லாருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார். ‘வயதாக ஆகப் பெரியம்மாவுக்கு எவ்வளவு அமைதி’ என்று நாங்கள் பெருமையாகப் பேசிக்கொண்டோம். அவருக்கு எங்கள் பேச்சு கேட்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்க வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். காது மந்தமானவர்கள் இரண்டு வழிகளில் ஒன்றில் போகிறார்கள். சிலர் உங்கள் ஆயாவைப் போல உரக்கப் பேசி, ‘என்ன, என்ன’ என்று கேட்டு உலகத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். சிலர் கையை விட்டுவிடுகிறார்கள். கேட்புக் குறைவைக் கவனிக்காமல் விட்டால் முதுமையில் மறதி நோய் வரும் அபாயம் கூடுகிறது என்று லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு 2017 முதல் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. ஆயா இன்னமும் ‘சத்தமாகச் சொல்லு’ என்று அதட்டிக் கேட்கிறார் என்பதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

நட்பா, பரிதாபமா என்று கேட்டீர்கள். பரிதாபம் ஒருவழிப் பாதை. நீங்கள் அவருக்குக் குறுஞ்செய்தி படித்துக் காட்டுகிறீர்கள். அவரோ, நீங்கள் வேறு யாரிடமும் சொல்லாததைக் கேட்டு வைத்திருக்கிறார். வரவு அதிகம் யாருக்கு என்று கணக்குப் படிக்கும் நீங்களே பாருங்கள். அதற்குமேல் இந்தக் கேள்வியில் பிடித்துக்கொண்டு நிற்க ஒன்றும் இல்லை, இது நட்புதான். நாற்பத்து நான்கு வயது வித்தியாசம் அதைக் குறைத்துவிடாது.

இப்படிப்பட்ட நட்புகள் அதிசயமும் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் குடியிருப்பில் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு ஒன்று 1950இல் வெளியானது. உங்கள் லைன் வீடு மாதிரியே வரிசையாகக் கதவுகள். அடுத்த கதவுக்காரரை நெருங்கிய பழக்கமாகச் சொன்னவர்கள் 41 சதவீதம், அதே மாடியில் நான்கு கதவு தள்ளி இருந்தவரைச் சொன்னவர்கள் 10 சதவீதம். மனதுக்குப் பிடித்தவரைத் தேடிப் போய்ப் பழகுகிறோம் என்று நினைக்கிறோம். தண்ணீர்க் குழாயடியிலும் வாசற்படியிலும் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறவர்தான் பெரும்பாலும் நமக்குப் பிடித்தவராக ஆகிறார். அந்தக் குடியிருப்பில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். உங்களுக்கு அந்த வசதியும் இல்லை, இருந்தும் நட்பு வளர்ந்திருக்கிறது. ‘பேசாதவளும் கேட்காதவளும்’ என்ற கேலி உங்களைச் சுட்டிருக்கும். அது பொய் என்பது உங்கள் இருவருக்கும் தெரியும். அந்தத் திண்ணையில் நீங்கள் பேசுகிறீர்கள், அவர் கேட்கிறார்.

ஒளிந்துகொள்கிறேனா என்ற கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. ஆம், கொஞ்சம் ஒளிந்துகொள்கிறீர்கள். நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. ஆயாவோடு பழகுவதால் உங்கள் வயதுக்காரர்களிடமிருந்து ஒளிவதாக நினைக்கிறீர்கள். நான் பார்க்கிற வரை நீங்கள் ஒளிவது ஆயாவிடமிருந்துதான். இத்தனை மாதமாக அவரிடம் எல்லாம் சொன்ன நீங்கள், தினமும் இரவு உங்களைத் துன்பப்படுத்தும் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்நியராக இருந்தபோது எரிச்சல்பட்டு ஒதுங்க முடிந்தது. நெருங்கியபின் அதுவும் முடியவில்லை. சொன்னால் அவர் மனம் நோகும், வெளியே போ என்பார், மறுபடி நான் தனியாகிவிடுவேன் என்று பயம். பழைய கூச்சம்தான், இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. ஒரு சின்னக் குறையைக்கூடச் சொல்ல முடியாத இடத்தில் நீங்கள் விருந்தாளியாகத்தான் இருக்கிறீர்கள். எவ்வளவு நாள் விருந்தாளியாக இருப்பீர்கள்?

நீங்கள் சொல்லாவிட்டால் உங்கள் அப்பா வீட்டுக்காரரிடம் சொல்வார். அது ஆயாவுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று யோசியுங்கள். தனியாக வாடகைக்கு இருக்கும் ஒரு வயதானவருக்கு வீட்டுக்காரர் மூலம் புகார் வந்தால் அது சத்தத்தைப் பற்றிய புகாராகத் தோன்றாது. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்றுதான் தோன்றும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்தே நடந்தது என்று பிறகு தெரியவந்தால் அந்தக் காயம் ஆறாது. அப்பாவிடம் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். நான் ஆயாவிடம் பேசுகிறேன் என்று சொல்லுங்கள். அப்பா உங்கள் முகத்தை இரண்டு முறை பார்ப்பார். பார்க்கட்டும்.

ஆயாவிடம் சொல்வதற்கு இரவு பத்து மணியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எரிச்சலோடு கதவைத் தட்டினால் அந்த எரிச்சல்தான் போய்ச் சேரும். வழக்கமான சாயங்காலமே போதும். பக்கவாட்டில் உட்காராமல் எதிரே உட்காருங்கள், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். தறிக்காரர்கள் உதட்டைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள். உச்சக்குரலில் கத்த வேண்டாம், கத்தும்போது உதட்டின் வடிவம் மாறிவிடுகிறது, சொல்லும் தெளிவதில்லை. கொஞ்சம் தாழ்ந்த குரலில், அடிவயிற்றிலிருந்து, நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். சொல்ல வேண்டியது மூன்றே வரி: “ஆயா, அடுத்த மாதம் எனக்குப் பரீட்சை. ராத்திரி டிவி சத்தத்தில் படிப்பது மனதில் நிற்கவில்லை. டிவியை எதிர்ப்பக்கச் சுவருக்கு மாற்றிவிடலாமா, நானே மாற்றித் தருகிறேன்.” மன்னிப்புக் கேட்டு ஆரம்பிக்காதீர்கள். லைனில் எல்லாரும் சொல்கிறார்கள் என்று ஊரைத் துணைக்கு அழைக்காதீர்கள். இது உங்கள் சிரமம், நீங்களே சொல்லுங்கள்.

டிவியை இடம் மாற்றக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லைன் வீடுகளில் இரண்டு குடும்பங்களுக்கும் ஒரே சுவர். அதில் டிவியை மாட்டியிருந்தால் அந்தச் சுவரே ஒலிபெருக்கி. எதிர்ப்பக்கம் மாற்றி, அவர் உட்காரும் இடத்துக்கு அருகில் கொண்டுவந்தாலே பாதிச் சிக்கல் தீரும். ஒலி வரும் இடத்துக்கும் காதுக்கும் இடையே உள்ள தூரம் பாதியானால் திறந்த வெளியில் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுகிறது. அறைக்குள் இந்தக் கணக்குச் சற்றுக் குறையும், ஆனாலும் அவருக்குத் தெரியும் அளவுக்கு வித்தியாசம் இருக்கும். ஒயர் இல்லாத சிறிய ஸ்பீக்கர் ஒன்றை அவர் தலைமாட்டில் வைத்தாலும் அதே பலன். டிவி அதற்கு இடம் கொடுத்தால் ஹெட்போனும் நல்ல வழி. பத்து மணிக்குமேல் ஒலியைக் குறைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்கலாம். ஒலி மாசு தொடர்பான 2000ஆம் ஆண்டு விதிகள் இரவு என்று சொல்வது 10 மணி முதல் காலை 6 மணி வரைதான். குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்று அளவும் உண்டு. இதை நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அவரிடம் எடுத்து வீச வேண்டாம்.

அவர் கோபித்துக்கொண்டால்? கோபிக்கலாம். “என் வீட்டில் நான் டிவி பார்க்கக் கூடாதா?” என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். மறுநாள் சாயங்காலம் வழக்கம்போலப் போய் உட்காருங்கள். உரக்கப் பேசுபவர்களின் கோபம் பெரும்பாலும் உரக்கவே வந்து உரக்கவே போய்விடும். கூச்சக்காரர்கள் ஓர் அதட்டலை ஒரு மாதம் சுமப்பார்கள், அதட்டியவர் மறுநாளே மறந்திருப்பார்.

அதே பேச்சின் தொடர்ச்சியாக, அன்றே இல்லாவிட்டாலும் தேர்வு முடிந்த பிறகாவது, காதுப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போனால் முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிலருக்கு அதை எடுத்தாலே கணிசமாகத் தெளியும். பிறகு கேட்புத்திறன் சோதனை. குறைபாட்டின் அளவுக்கு ஏற்ப மருத்துவச் சான்று கிடைத்தால், மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாகக் காதொலிக் கருவியை இலவசமாகப் பெற விண்ணப்பிக்கலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: கருவியை மாட்டிய முதல் சில வாரங்கள் பாத்திரச் சத்தம்கூடத் தலையில் அடிப்பதுபோல இருக்கும். பலர் அப்போதுதான் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். மூளை பழகச் சில வாரம் ஆகும். அந்த நாட்களில் பக்கத்தில் ஒருவர் இருந்தால் பெரிய உதவி.

உங்கள் அம்மாவின் கவலையை நான் ஒதுக்கவில்லை. உங்கள் வயதில் ஒரு தோழியாவது வேண்டும். அதற்காக ஆயாவை விட வேண்டியதில்லை. உளவியலாளர் எரிகா பூத்பியும் அவருடைய சகாக்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்றைக் கண்டார்கள். புதிதாக அறிமுகமான இருவர் பேசி முடித்தபின், மற்றவருக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்று ஒவ்வொருவரும் உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். கூச்சம் அதிகம் உள்ளவர்களிடம் இந்த இடைவெளி இன்னும் அதிகம். விடுதியில் சேர்ந்து தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடம்கூட அது மாதக்கணக்கில் நீடித்தது. உங்கள் வகுப்பில் யாரோ ஒரு பெண், கேலியில் சேராமல் உங்களைப் பார்த்திருப்பாள். அவளுக்கு உங்களைப் பிடிக்காது என்று நீங்களாக முடிவு செய்திருப்பீர்கள். நாளை அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள், பாடத்தைப் பற்றியே இருக்கட்டும். அவள் ‘என்ன?’ என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விடக்கூடாது. மனிதர்களைச் சந்திக்க வேண்டுமே என்ற பயத்தில் நெஞ்சு படபடத்து, தூக்கம் கெட்டு, கல்லூரிக்குப் போவதையே நீங்கள் தவிர்க்கத் தொடங்கி, அது ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், அது கூச்சத்தைத் தாண்டியது. அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

பத்து நிமிடப் பேச்சுக்கு வருவோம். அன்று விடுப்பு எடுக்காதீர்கள். நான்காவது முறை ‘வரவில்லை’ என்று பதிவாவதற்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும். உங்கள் தலைப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷச் சிரிப்பு. கூலி முறைகள்! நேரத்துக்குக் கூலியா, நெய்த அளவுக்குக் கூலியா என்பதைத் தன் உடம்பால் முப்பது வருடம் படித்தவர் உங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார். நூல் அறுந்து தறி நின்றால் அந்த நேரம் யார் கணக்கில் போகும், மின்சாரம் போன நாளில் கூலி என்ன ஆகும், வேகமாக ஓட்டினால் துணியில் குறை விழுந்து எங்கே பிடித்தம் வரும் என்று அவரிடம் கேளுங்கள். மிச்சப்படுத்திய நேரத்துக்குப் பாதிக் கூலி போனஸ் என்னும் ஹால்சி முறையை அவருக்கு விளக்கிச் சொல்லி, “ஆயா, இது நியாயமா?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்காது. அனுமதி வாங்கிக்கொண்டு அதை வகுப்பில் சொல்லுங்கள்.

ஒத்திகையை அந்தத் திண்ணையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பேப்பரைப் பார்த்துப் படிக்காமல் ஆயாவின் முகத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் சொல்லுங்கள். அவர் ‘என்ன?’ என்று கேட்கும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். வகுப்பில் அந்த இடங்களில் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, மெதுவாகச் சொல்லுங்கள்.